சிவகாசிக்கே சிவகாசி விலை

எம். புதுப்பட்டியில் உட்கார்ந்து போனைத் திறந்தால், 'சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி' என்று பட்டாசு விளம்பரம் வந்து விழுகிறது. கூப்பிடு தூரத்தில் ஆலை இருக்கிற ஊர்க்காரனுக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது கொல்லன் வீட்டுக் கதவைத் தட்டி விற்பது.

ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. விளம்பரம் போடும் எந்திரத்துக்கு அது எட்டவில்லை போலிருக்கிறது. தள்ளுபடி சங்கதி அதைவிட வேடிக்கை: ஒன்றுக்கு ஐந்தாக விலையை அச்சடித்துவிட்டு நாலு பங்கைக் கழித்துக் காட்டுவது. கணக்கென்னவோ சரிதான்!

இத்தோடு அரசாங்கத் தமிழும் சேர்ந்துகொள்கிறது. 'பசுமைப் பட்டாசு' என்று பெட்டியில் பார்த்த பெரியவர் ஒருவர், "பச்சையா எரியுமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மத்தாப்பில் பச்சை ஒளிக்கு வழக்கமாகச் சேர்த்துவந்தது பேரிய உப்பு. அதே 2018 தீர்ப்பு அதற்கும் தடை போட்டது. ஆக, பசுமைப் பட்டாசில் இல்லாமல் போனது அந்தப் பச்சைதான். புகைத்துகள் குறைவு என்பதுதான் பொருள் என்றால் 'குறைபுகைப் பட்டாசு' என்றே எழுதியிருக்கலாமே! பெரியவருக்கும் புரியும், எனக்கும் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பி, பெட்டி வராமல் ஏமாந்தால், தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.