நெய்தவர் யார்?

பத்தமடைப் பாயும், பவானி ஜமக்காளமும், காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டும், நீலகிரித் தோடர் பெண்களின் பூவேலைப் போர்வையும் இன்று டில்லியிலிருப்பவரும் லண்டனிலிருப்பவரும் கைபேசியில் கண்டு, அங்கேயே விலை கொடுத்து, வீட்டு வாசலில் பெற்றுக்கொள்ளும் பொருள்களாகிவிட்டன. ஒரு தலைமுறைக்கு முன் உள்ளூர்ச் சந்தையையும் ஊருக்கு வரும் வியாபாரியையும் தவிர வேறு கதியற்றிருந்த கைத்தொழிலாளருக்கு இது பெரிய மாறுதல். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் இணையச் சந்தையில் நாம் பொருளைக் கண்டோமே அன்றி, அதைச் செய்தவரைக் கண்டோமா என்ற கேள்வியைக் கேட்காமலிருக்க முடியவில்லை.

பத்தமடையை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிப் பாசனப் பிரதேசத்தில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் பாய் நெய்கிறார்கள். கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பாய் உயர்தரமாகிறது. உயர்ந்த ரகம் பட்டுத் துணியைப் போல் மடிகிறது. மணமக்கள் பெயரையும் மணநாளையும் நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய்க்கு நாடெங்கும் மதிப்புண்டு. இத்தகைய பாய் ஒன்று தறியிலிருந்து இறங்கப் பல நாள் செல்லும். வாங்குபவர் நெய்தவரிடமே நேரில் பேசிப் பணம் அனுப்ப வசதி ஏற்படுமானால், அந்தப் பல நாள் உழைப்பின் பலன் இடைவழியில் கரையாமல் அவர் கையிலேயே சேரும். இணையத்தால் கைத்தொழிலுக்கு விளையக்கூடிய உண்மையான நன்மை இதுவே.

இந்த நன்மை எத்தனை பேருக்குத் தேவையாயிருக்கிறது என்பதைச் சர்க்காரின் கணக்கே சொல்லும். 2009-10-ம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 43.31 லட்சம் பேர் இருந்தனர். 2019-20-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. இவர்களில் 100-க்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று அதே கணக்கு தெரிவிக்கிறது. பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேர் தறியை விட்டு அகன்றனர். கைத்தறித் துணியை விரும்புவோர் நாட்டில் இல்லாமற் போனதால் இது நேரவில்லை. கைத்தறியின் பெயருக்குக் கிடைக்கும் விலை கைத்தறிக்காரருக்குப் போய்ச் சேராததே இதற்கு ஒரு முக்கிய காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

எங்ஙனமெனில், கடைக்குச் செல்பவர் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். கரையோரத்து ஊசித் துளைகளைக் கவனிக்கலாம். பின்புறம் திருப்பி நூலோட்டத்தைப் பார்க்கலாம். இணையத்தில் காண்பதோ படம் மட்டுமே. விசைத்தறிச் சேலையும் கைத்தறிச் சேலையும் படத்தில் ஒன்றுபோலவே விளங்கும். தோடர் பெண்கள் நூலை எண்ணி எண்ணி, மாதக் கணக்கில் ஊசியால் எடுத்த பூவேலைக்கும், இயந்திரம் துணியில் பதித்த அதே வடிவத்துக்கும் படத்தில் பேதம் தெரியாது. விலையில் மட்டும் பேதமுண்டு; அந்த விலைப் பேதமே போலிக்கு ஜயத்தைத் தருகிறது. நெசவாளரின் படத்தையே எடுத்துப் போட்டு, அதன்கீழ் ஆலைச் சரக்கை விற்பதும் இணையத்தில் கடினமான காரியமன்று.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டங்கள் பல இருக்கின்றன. சில வகைச் சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் முதலியவற்றைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985-ல் செய்யப்பட்டது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. அச்சட்டத்தின் கை தறிக் கொட்டகை வரையில்தான் நீள்கிறது. ஒதுக்கப்பட்ட வகைகளை விசைத்தறியில் நெய்வதையே அது குற்றமாக்குகிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி 2003-ல் அமுலுக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, பத்தமடைப் பாய், தோடர் பூவேலை ஆகிய யாவும் அதன்கீழ்ப் பதிவு பெற்றவை. ஆனால் பெயரைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. தொழிலாளர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். போலி கண்டபோது வழக்காடவும் வேண்டும். நாள் முழுதும் தறிக்குழியில் கால் வைத்திருப்பவருக்கு அதற்கு நேரமேது, பணமேது? கைத்தறி முத்திரை 2006 முதல் வழங்கப்படுகிறது. அம்முத்திரை துணியில் தைக்கப்படுவது. துணி வீடு வந்து சேர்ந்த பிறகே வாங்கியவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்.

இணைய வர்த்தகத்துக்கென்றே 2020-ல் செய்யப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சந்தை நடத்தும் நிறுவனங்களுக்குச் சில கடமைகளை விதித்தன. விற்பவர் விவரத்தையும், பொருள் எந்நாட்டில் உண்டானது என்பதையும் அவை காட்ட வேண்டும். நல்லதே. ஆனால் விற்பவர் வேறு, செய்தவர் வேறு. சூரத்திலிருந்து ஒரு வர்த்தகர் காஞ்சிபுரத்தின் பெயரால் ஒரு சேலையை விற்றால், விற்பவர் அவர் என்பதும் நாடு இந்தியா என்பதும் சரியாகவே இருக்கும். விதி நிறைவேறிவிடும்; நெசவாளர் மட்டும் ஏமாந்து நிற்பார். சட்டத்திலுள்ள இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

சந்தை நடத்துவோரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கலாம் என்பாருக்கு அமெரிக்காவின் அநுபவத்தை ஞாபகப்படுத்துகிறோம். 2005-ல் புரூக்ளினில் தோன்றிய எட்ஸி என்னும் இணையச் சந்தை, கையால் செய்த பொருள்களுக்கே உரியது என்ற பெயரால் வளர்ந்தது. 2013-ல் அந்நிறுவனம் தன் விதியைத் தளர்த்தி, வெளித் தயாரிப்பாளர்களைக் கொண்டு செய்வித்த பொருள்களையும் அனுமதித்தது. 2015-ல் பங்குச் சந்தையில் இறங்கிற்று. 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 100-க்கு 5-லிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, ஆயிரக்கணக்கான கைவினைஞர் ஒரு வாரம் தங்கள் இணையக் கடைகளை மூடி வேலை நிறுத்தம் செய்தனர். கட்டணம் இறங்கவில்லை. கைத்தொழிலாளர் பெயரால் எழுந்த சந்தையே பங்குதாரரின் சொத்தான பின்பு இவ்வாறாயிற்றென்றால், எல்லாச் சரக்கையும் விற்கும் பெருஞ்சந்தைகளில் நம் நெசவாளரின் குரல் எவ்வளவு தூரம் எட்டும்?

நம் தேசத்துக்கு இவ்விஷயம் புதிதன்று. 1905 ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசிப் பிரதிக்ஞை எழுந்த நாளைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். சுதேசி வேகம் மூண்டதும், அந்நியத் துணி சுதேசித் துணியின் வேஷத்தில் வரும் அபாயமும் கூடவே வந்தது. 1925-ல் ஏற்பட்ட அகில பாரத சர்க்கா சங்கம், கதர் விற்போருக்கு அத்தாட்சிப் பத்திரம் அளித்து, அத்தாட்சியில்லாத கடையில் வாங்க வேண்டாமென்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டது. 1935-ல் மேலும் ஒரு படி சென்று, நூற்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஜீவனக் கூலி அளிக்கத் தீர்மானித்தது. கதர் விலை ஏறுமே, விற்பனை குறையுமே என்று பலர் அஞ்சினர். நூற்பவள் பட்டினி கிடக்க நாம் மலிவாக உடுப்பது சுதேசியாகாது என்பதே காந்தியடிகளின் முடிவு. பொருள் உண்மையானதா, செய்தவருக்குக் கூலி சேர்ந்ததா என்னும் இரண்டு கேள்விகளும் அன்று தேசபக்தியின் பகுதியாக இருந்தன. இன்று அவ்விரண்டும் இணையக் கடையின் வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

விசைத்தறிக்காரரை நாம் பகைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஈரோடு, பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கங்களில் விசைத்தறியை நம்பி வாழ்பவரும் உழைப்பாளிகளே. ஏழைக்கு மலிவான துணியைத் தருபவரும் அவர்களே. அத்துணி தன் சொந்தப் பெயரிலேயே விற்கட்டும். பிறர் உழைப்பின் பெயரை அது கடன் வாங்கக் கூடாதென்பதே நம் வாதம்.

நெசவாளரே இணையத்தில் கடை வைத்துக்கொள்ளட்டும் என்று உபதேசிப்பது எளிது. படம் பிடிக்க வேண்டும். விவரத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கட்டி அனுப்ப வேண்டும். நிறம் பிடிக்கவில்லையென்று திரும்பி வந்தால் ஏற்க வேண்டும். பதினைந்து நாள் உழைப்பு ஒரு பெட்டியில் போய்த் திரும்பி வந்தால், அடுத்த பாவுக்கு நூல் வாங்கப் பணம் இராது. வரி விஷயமும் உண்டு. இணையச் சந்தை வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் சரக்கு-சேவை வரிப் பதிவிலிருந்து அளிக்கப்பட்ட விலக்கு உள்மாநில விற்பனைக்கு மட்டுமே. காஞ்சிபுரத்தார் சென்னைக்கு விற்கலாம். பெங்களூருக்கு விற்கப் புறப்பட்டால் பதிவும் கணக்கும் குறுக்கே நிற்கும்.

ஆகையால் தனி நெசவாளர் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றாமல், கூட்டுறவுச் சங்கங்களே இப்பணியை மேற்கொள்ள வேண்டும். 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நமக்கு இருக்கிறது; அது இணையத்திலும் விற்கிறது. மத்திய சர்க்காரும் 2023-ல் கைவினைஞருக்கென ஓர் இணையச் சந்தையைத் திறந்தது. இவை பெருநிறுவனங்களுக்கு ஈடாக விளங்க வேண்டுமானால், விற்கும் ஒவ்வொரு உருப்படியுடனும் நெய்தவர் பெயர், ஊர், சங்கம், நெய்ய எடுத்த நாள்கள், அளித்த கூலி ஆகிய ஐந்து விவரங்களையும் நெய்தவரின் சம்மதத்தோடு வெளியிட வேண்டும். வேறெந்தப் போட்டியாளராலும் போலியாகச் செய்ய முடியாத விளம்பரம் இது.

சர்க்காரிடம் நாம் கேட்பவை மூன்று. கைத்தறி, கைவினை என்ற பெயரால் இணையத்தில் விற்கும் பொருளுக்குச் செய்தவர் அல்லது சங்கத்தின் விவரம் காட்டப்பட வேண்டுமென 2020-ம் ஆண்டு விதிகளைத் திருத்துக. அப்பெயரைப் பொய்யாக உபயோகிப்பவரோடு, புகார் வந்த பின்னும் அதை நீக்காத சந்தை நிறுவனத்தையும் பொறுப்பாக்குக. வரிப் பதிவு விலக்கை வெளிமாநில விற்பனைக்கும் கைத்தொழிலாளர் மட்டிலாவது விரிவாக்குக. இவற்றால் பொக்கிஷத்துக்குப் பெருஞ்செலவில்லை. மனம் மட்டுமே வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டியிருக்க வேண்டியதுமில்லை. சுதேசி பேசும் அன்பர்கள் அடுத்த முறை இணையத்தில் ஒரு சேலையோ பாயோ வாங்குமுன், இதை நெய்தவர் யார் என்று விற்பவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்கட்டும். பதில் வந்தால் வாங்கட்டும். பேரம் பேசாமல் வாங்கட்டும். பதில் வராவிட்டால் வேறு கடைக்குச் செல்லட்டும். ஆயிரம் பேர் கேட்டால் வர்த்தகர் அலட்சியம் செய்யலாம். லட்சம் பேர் கேட்டால் பதில் சொல்லியே தீருவார். பெயர் தெரியாத கைகளின் உழைப்பை உடுத்திக்கொண்டு தேசத்தின் கலைப் பெருமை பேசுவதைக் காட்டிலும், ஒரு நெசவாளரின் பெயரைக் கேட்டறிந்து, அவருக்குரிய விலையை அவர் கையில் சேர்ப்பதே மேலான தேசத் தொண்டாகும்.