சகேயு திருப்பிக் கொடுத்தான்



ரோமர் 6:14-ஐப்போல நம் நாவில் எளிதாய் வந்து நிற்கும் வசனம் வேறில்லை. நம்மை ஆளுவது நியாயப்பிரமாணமல்ல, கிருபையே என்பது அதன் பொருள். அது மெய், என் நம்பிக்கை முழுவதையும் அதன்மேல்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அது எந்த வேளையில் எடுத்துப் பேசப்படுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தங்கைக்குரிய பங்கைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவனிடம் அதைப்பற்றிக் கேளுங்கள். சீட்டை எடுத்துவிட்டுத் தவணை கட்டாமல் நின்றுபோனவனிடம் கேளுங்கள். “பழையதைக் கிளறாதீர்கள் ஐயா, கர்த்தர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்” என்பான். அடுத்த வசனத்தை மட்டும் அவன் வாசிப்பதில்லை. அப்படியானால் பாவஞ்செய்யலாமோ என்று அங்கே பவுல் தாமே கேட்டு, தாமே அதை உதறித் தள்ளுகிறார்.

கர்த்தர் மன்னித்தார் என்றே வைத்துக்கொள்வோம். தங்கையின் பங்கு எங்கே?

லூக்கா 19-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த சகேயு இன்னும் காட்டத்தி மரத்தின்மேல் இருக்கையிலேயே, இயேசு அவனைப் பேர்சொல்லி அழைத்து, அவன் வீட்டிலே தங்கவேண்டும் என்கிறார். அந்நேரம்வரை அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கொடுப்பேன் என்று வாய்திறக்கவுமில்லை. கிருபை முந்திக்கொண்டது. இந்த வரிசையை மாற்றுகிறவன் சுவிசேஷத்தையே மாற்றுகிறான். அதன்பின்பே சகேயு எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய் உரியவர்களுக்கும் தருவதாகச் சொல்கிறான்.

அந்த நான்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஓர் ஆட்டைத் திருடி, அதை அடித்தோ விற்றோ தீர்த்தவன் அதற்கு ஈடாக நான்கு ஆடுகளைக் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் 22:1 விதிக்கிறது. தன் குற்றத்தைத் தானே அறிக்கையிடுகிறவனுக்கோ, முதலும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. ஆகவே சகேயு ஒருவனிடம் அநியாயமாய் 100 காசு வாங்கியிருந்தால், 120 காசு கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். அவன் 400 காசுக்குச் சம்மதிக்கிறான். பிடிபட்ட திருடனுக்குரிய விதியை, யாரும் வற்புறுத்தாமல், தன்மேல் தானே விதித்துக்கொள்கிறான். நம்மிடையே கிருபையைப்பற்றி உரக்கச் சாட்சி சொல்லுகிற சிலரோ, அதே கிருபையைக் காட்டி அந்த 120-ஐயும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கிருபையாயிருக்க முடியுமா?

பிரமாணம் கடினம், கிருபை இரக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் பிரமாணத்தை வாசித்துப் பார்த்ததுண்டா என்று எனக்கு ஐயமாயிருக்கிறது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன்னே கொடுத்துவிடவேண்டும், அவன் அதையே நம்பிப் பிழைக்கிறான் என்கிறது உபாகமம் 24-ஆம் அதிகாரம். ஏழையிடம் அடகாக வாங்கின வஸ்திரத்தை இரவில் அவன் போர்த்திக்கொள்ளும்படி திருப்பிக் கொடுக்கச் சொல்வதும் அதே அதிகாரந்தான். இதில் இரக்கமற்ற சொல் எது? கூலியைப் பிடித்துவைத்திருக்கிறவனுக்கு இது பாரமான கட்டளை. வெறுங்கையோடு வீடு திரும்புகிறவனுக்கோ, பரலோகத்தில் தனக்காகப் பேச ஒருவர் உண்டு என்பதற்கு அவனிடமுள்ள ஒரே அத்தாட்சி. கிருபையின் பெயரால் இதை அடித்துப்போடுகிறவன், தனக்கு இரக்கம் கேட்கும்போதே பிறனுக்குரிய இரக்கத்தைப் பறிக்கிறான். தங்கையின் பணப்பையிலிருந்து எடுத்துத் தன்னைத் தானே மன்னித்துக்கொள்கிறான்!

சிலுவையிலிருந்த கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான் என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அவன் கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. உங்கள் கைகள் அப்படியில்லையே. கொடுக்க ஒன்றுமில்லாமல் உண்மையாகவே நொந்து நிற்கிறவனை நான் இங்கே குறிக்கவில்லை. அவனைக் கிறிஸ்து புறம்பே தள்ளமாட்டார், சபையும் தள்ளலாகாது.

இந்த வழக்கு புதிதுமல்ல. மனந்திரும்புதலைப் பிரசங்கிக்க நியாயப்பிரமாணம் வேண்டியதில்லை என்று ஜெர்மனியில் யோகான் அக்ரிக்கோலா போதித்தபோது, 1537 முதல் அவரை எதிர்த்து வாதிட்டவர் மார்ட்டின் லூத்தரே. விசுவாசத்தினால் மாத்திரமே நீதிமானாக்கப்படுதலை ஐரோப்பா முழுவதும் கேட்கச் சொன்ன அதே லூத்தர்! 1529-இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளோடுதான் தொடங்குகிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கித் தம் சபைக்குக் கற்பித்தார். நம் முன்னோர் கிருபையையும் கட்டளைகளையும் ஒரே புத்தகத்தில் படித்தவர்கள். அதனால் கிருபை குறைந்துபோயிற்று என்று அவர்கள் எண்ணவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது போதகர்களாகிய எங்கள் காதிலும் விழட்டும். மனம் உறுத்துகிறவர்களில் சிலர் நேரே ஆலயத்துக்கு வந்து பெரிய காணிக்கை ஒன்றைப் படைத்துவிட்டு நிம்மதியாய்ப் போய்விடுகிறார்கள். நாங்களும் பலிபீடத்தண்டை நின்று ஸ்தோத்திரஞ்சொல்லி அதை வாங்கிக்கொள்கிறோம். எண்ணாகமம் 5:7-8 வகுத்திருக்கிற வரிசை வேறு. முதலில், நஷ்டப்பட்டவனுக்கே கொடுக்கவேண்டும். அவன் இல்லாவிட்டால், அவனுடைய உறவின்முறையானுக்கு. அப்படி ஒருவனும் இல்லாதபோதுதான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை அந்த உறையைக் கொண்டுவருமுன், தங்கை உயிரோடிருக்கிறாளா, அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பேருந்துச் செலவு போக மீதியிருப்பதை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். காணிக்கைத் தட்டு காத்திருக்கும்.