டயருக்கு லட்சம், ஸ்டீயரிங்குக்கு சைபர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, எனக்கு ஜீப் பிடிக்கும். பெரிய டயரும் பிடிக்கும். ஆகவே "இவனுக்குப் பொறாமை" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். படிப்பது பி.காம். என்பதால் "உனக்கென்ன தெரியும்" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். கேளுங்கள். கீழே இருக்கும் கணக்கில் தப்பிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருவோம். புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் இப்போது திரும்பிய இடமெல்லாம் 33 இஞ்ச் டயர் போட்ட தார். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல் இருக்கிற மாவட்டம் என்று பேர் வாங்கியவர்கள் நாம். காளைக்கும் ஜீப்புக்கும் அப்படி என்ன சம்பந்தமோ, 2024 ஜனவரியில் மதுரை மாவட்டம் கீழக்கரையில் புது ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தபோது முதல் பரிசே ஒரு தார்தான். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்! வண்டி வாங்கிய முதல் வாரமே டயர் கடை. அங்கே டயர், ரிம், ஸ்பேசர் என்று லட்சத்தைத் தொடுகிற பில். ஸ்டீயரிங்குக்கு என்ன செய்தாய் என்று கேட்டால், "அதான் பவர் ஸ்டீயரிங் இருக்குல்ல மாப்ள" என்று பதில் வருகிறது. பழைய எம்எம் 540 வைத்திருப்பவரைக் கேட்டால் இன்னும் மோசம். "கையில தெம்பு இருக்கிறவன் ஓட்டுற வண்டி தம்பி இது" என்பார்.

இந்த இரண்டு பதிலும் அபத்தம். ஏன் என்று சொல்கிறேன்.

காற்றைக் குறைத்து ஓட்டுவதில் தப்பில்லை. சேற்றிலும் மணலிலும் அதுதான் சரியான முறை. மணமேல்குடி, கட்டுமாவடி பக்கம் கடலோரச் சேற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுக் காற்றோடு உள்ளே போன சக்கரம் கத்தி மாதிரி இறங்கிவிடும். டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறக்குறைய, அதன் மேல் இருக்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. ஒரு முன் சக்கரத்தின் மேல் 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ. அப்படியானால் தரையைத் தொடுவது 180 சதுர செ.மீ. சொச்சம். காற்றை 16 ஆக இறக்கினால் 360க்கு மேல். இரண்டு மடங்கு பாதம், அதனால்தான் புதையாமல் மிதக்கிறது.

இந்தப் பாதத்தைத் திருப்புவது யார்? அங்கேதான் பில் வருகிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பத் தேவைப்படும் முறுக்குவிசைக்கு ஸ்டீயரிங் வடிவமைப்பவர்கள் ஒரு பழைய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எடையின் மும்மடிப் பெருக்கத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, உராய்வுக் குணகத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை, விடையை மட்டும் ஞாபகம் வையுங்கள். காற்றைப் பாதியாக்கினால் திருப்பும் விசை 1.4 மடங்கு ஆகிறது. வேறு எதையும் மாற்றாமலேயே இவ்வளவு.

மாற்றாமல் யார் இருக்கிறார்கள்? ரிம்மை வெளியே தள்ளி வைத்தால்தானே கெத்து! முன் சக்கரம் ஒரு அச்சில் திரும்புகிறது இல்லையா, அந்த அச்சைக் கோடு போட்டு நீட்டினால் தரையில் ஒரு இடத்தைத் தொடும். டயரின் நடுப்பகுதி தரையைத் தொடும் இடம் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கம்பெனி அளந்து வைத்திருக்கிறது. ஸ்பேசர் போட்டு நீங்கள் அந்த இடைவெளியைக் கூட்டினால், ஒவ்வொரு கல்லும் அந்த நீளத்தை நெம்புகோலாக வைத்து ஸ்டீயரிங்கை உங்கள் கையிலிருந்து பிடுங்கும். பழைய ஜீப் டிரைவர்கள் கட்டைவிரலை வளையத்துக்குள் விடாமல் ஓட்டுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? ஸ்டைல் இல்லை சாமி, சக்கரம் கல்லில் மோதி ஸ்டீயரிங் சுழன்றால் கம்பி விரலை ஒடிக்கும் என்பதால். அந்தக் காலத்து 6.00-16 ஒல்லி டயரிலேயே அப்படி.

சரி, பவர் ஸ்டீயரிங் இருந்தால்? அது கைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் இரும்புக்கு வலி தெரியுமே! பழைய ஜீப்பில் பாக்ஸிலிருந்து பிட்மேன் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், டை ராடு, எண்டு என்று ஒரு சங்கிலி. கை வலித்தால் நாம் திருப்புவதை நிறுத்துவோம். ஹைட்ராலிக் நிறுத்தாது. இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் மாட்டியிருந்தாலும் தள்ளிக்கொண்டே இருக்கும், சங்கிலியில் எது இளைத்ததோ அது வளையும். டை ராடு வளைந்தால் அதிர்ஷ்டம், வீடு வந்து சேரலாம். பாக்ஸை சேஸிஸில் பிடிக்கிற இடத்தில் விரிசல் விட்டால், அது காட்டில் தெரியாது. மறுநாள் திருமயம் ரோட்டில் எண்பதில் போகும்போது தெரியும். 2020இல் வந்த தாரில் முன்பக்கம் சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், பாகங்களின் பெயர் மாறும். கதை மாறாது.

ஆக செய்ய வேண்டியது என்ன? வரிசை முக்கியம். முதலில் டை ராடு, எண்டுகள், பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் பேரிங், எல்லாம் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும், தடிமன் போதாவிட்டால் தடித்தது. அடுத்து பாக்ஸ் உட்காரும் இடத்துக்கு முட்டுக் கொடுப்பது. மேனுவல் பாக்ஸ் என்றால் பவர் பாக்ஸ், அதற்குத் தகுந்த பம்ப், எண்ணெய் கொதிக்காமல் இருக்க ஒரு கூலர். அதற்கும் மேல் போகிறவர்கள் டை ராடில் ஒரு சிறு ஹைட்ராலிக் சிலிண்டரைத் துணைக்கு வைக்கிறார்கள். இதில் அழகு என்னவென்றால் பழைய இரும்புச் சங்கிலி அப்படியே இருக்கும், சிலிண்டர் பாரத்தை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஹோஸ் வெடித்தாலும் கையால் திருப்பி ஓரங்கட்டலாம். டயர் கடைசி. நம் ஊரில் டயர்தான் முதல், மற்றது "அப்புறம் பாத்துக்கலாம்".

இங்கே இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். "டிராக்டர் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டிடலாம்ணே, ஒரு விரல்ல திரும்பும்" என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் டிராக்டர்களில் பவர் ஸ்டீயரிங் என்று விற்பது பெரும்பாலும் முழு ஹைட்ராலிக். ஸ்டீயரிங் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தொடர்பே கிடையாது, எண்ணெய்தான் தொடர்பு. வயலில் சேறடிக்கும் வண்டிக்கு அது வரப்பிரசாதம். விவசாயிக்குத் தோள்பட்டையை மிச்சப்படுத்தியது அதுதான். ஆனால் அது 30 கிலோமீட்டர் வேகத்துக்கான ஏற்பாடு. திருப்பி விட்டால் தானாக நேராகாது. ஹோஸ் போனால் எதுவுமே இல்லை. அதை ஈ.சி.ஆரில் ஓடும் ஜீப்பில் வைப்பேன் என்பவர் தனக்கு மட்டும் குழி வெட்டவில்லை, எதிரே டிவிஎஸ் 50இல் வருகிறவருக்கும் சேர்த்தே வெட்டுகிறார்.

இதைப் படிக்கும் நல்ல பிள்ளைகள் சிலர் உடனே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். 2019 ஜனவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எல்லாம் சரி. கோபம் வருவது இதற்கப்புறம்தான்.

இந்தச் சட்டத்தின் கண்ணில், டயரை மட்டும் மாற்றி ஸ்டீயரிங்கை அப்படியே விட்டவனுக்கு ஒரு மாற்றம். டயரோடு ஸ்டீயரிங்கையும் பலப்படுத்தியவனுக்கு இரண்டு மாற்றம், இரண்டு அபராதம்! பாதுகாப்பாகச் செய்தவனுக்கு அதிக தண்டனை. ஊக்கத்தொகையைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் முதல் வருட பொருளாதாரப் புத்தகத்திலேயே இருக்கிறது. தடை போட்டதால் 33 இஞ்ச் டயர் ஊரில் குறைந்திருக்கிறதா என்று நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழராஜவீதியில் நின்று எண்ணிப் பாருங்கள்.

வெளியே என்ன செய்கிறார்கள்? ஐஸ்லாந்தில் பனிப்பாறை மேல் போக 38, 44 இஞ்ச் டயர் போட்டு, ஐந்து பி.எஸ்.ஐ.க்கும் கீழே காற்றை இறக்கி ஓட்டுகிறார்கள். மீட்புப் படை வண்டிகளே அப்படித்தான். மாற்றிய வண்டியைப் பரிசோதித்து, மாற்றிய வண்டி என்றே பதிவு செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய விதிநூலில் இந்த மாதிரி வண்டிகளுக்குக் கம்பெனி குறித்த மிகப்பெரிய டயரைவிட விட்டம் 50 மில்லிமீட்டர் வரை கூடலாம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் தனி அத்தியாயம் உண்டு. நம் கணக்கைப் பாருங்கள். தாரின் 245/75 ஆர் 16 டயர் விட்டம் 774 மி.மீ. நம் பையன்கள் போடும் 285/70 ஆர் 17 விட்டம் 831. வித்தியாசம் 57. அங்கே ஒரு கோடாவது இருக்கிறது, இங்கே கோடே இல்லை.

இத்தனைக்கும் கதவு நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2019 திருத்தம் 52ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தது. வண்டி மாற்றங்களுக்கான தரம், அனுமதி நிபந்தனைகளை மத்திய அரசு வகுக்கலாம், அப்படிச் செய்த மாற்றத்துக்காக வாரன்டி ரத்தாகாது. கேஸ் கிட் பொருத்துவதற்கு விதி இருக்கிறது, சோதனை இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவதும் இருக்கிறது. ஸ்டீயரிங் கிட்டுக்கும் அதே வழி ஏன் இருக்கக்கூடாது? சோதனை செய்ய இடமில்லை என்று சொல்ல முடியாது, ஒரகடத்திலேயே ஆராய்ச்சி மையம் கட்டி வைத்திருக்கிறார்கள். கிட்டைச் சோதித்து முத்திரை குத்துங்கள். இன்ன விட்டத்துக்கு மேல் டயர் என்றால் அந்த முத்திரை உள்ள ஸ்டீயரிங் கட்டாயம் என்று சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் டயர் மாட்டும் கடைக்கு அபராதம் போடுங்கள். காசு வாங்குவது கடை, பிடிபடுவது ஓட்டுகிறவன் என்றிருக்கும் வரை "இது போட்டா ஸ்டீயரிங் தாங்காது தம்பி" என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?

அதுவரைக்கும், ஏற்கெனவே டயர் போட்டுவிட்ட நண்பர்களுக்கு ஒரு வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் பானெட்டைத் திறந்து வையுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து (கீழே படுக்க வேண்டாம்) ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கட்டும். ராடு அசைந்து சக்கரம் அசையத் தாமதமானால் எண்டு போயிற்று. ஸ்டீயரிங் பாக்ஸோ ரேக்கோ பிடித்த இடத்தோடு சேர்ந்து அசைந்தால், அன்றைக்கு அந்த வண்டியில் வீட்டுக்குப் போகாதீர்கள். அறந்தாங்கிக்கு பஸ் நிறைய இருக்கிறது.