உழைத்தவரின் முதுமைக்கு உத்தரவாதம் எங்கே?

நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் ஒரு லட்சம் ரூபாயிலிருந்து 1,24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருப்பதாக 2025 மார்ச் மாதம் மத்திய அரசு அறிவித்தது. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக உயர்ந்தது. இவ்வுயர்வு 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. இதற்காக அவையில் விவாதமோ வாக்கெடுப்போ தேவைப்படவில்லை. விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதியம் தானாகவே உயரும் ஏற்பாட்டை 2018-ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. விலைவாசி உயரும்போது வருமானமும் உயர வேண்டும் என்பது நியாயமே. அந்த நியாயம் சட்டம் இயற்றுபவர்களோடு நின்றுவிடலாமா என்பதுதான் கேள்வி. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் கீழ் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சில்லறை விலைக் குறியீடு பாதிக்கும் மேல் உயர்ந்துவிட்டது. 2025 வரை அந்த ஆயிரம் ரூபாய் மட்டும் உயரவில்லை. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 33 ரூபாய். தில்லியில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக்கூட அது போதாது.

இந்த முரண்பாட்டை நாடாளுமன்றத்தில் இடைவிடாமல் எழுப்பி வந்தவர்களுள் ஒருவர், 2019 அக்டோபர் 31 அன்று மறைந்த குருதாஸ் தாஸ்குப்தா. ஏஐடியுசி தொழிற்சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர். 1985 முதல் மாநிலங்களவையிலும், 2004 முதல் 2014 வரை மக்களவையிலும் உறுப்பினராக இருந்தவர். அவர் குரல் உரத்தது. அவைத்தலைவர் மணி அடித்தாலும் எளிதில் அமராதவர். அவரது அரசியலை ஏற்காதவர்களும், புள்ளிவிவரங்களை விரல்நுனியில் வைத்துக்கொண்டு நிதியமைச்சர்களைத் திணறடித்த அவரது உழைப்பை மதித்தனர்.

தொழிற்சங்கத் தலைவர் என்றதும் போனஸ், பஞ்சப்படி, வேலைநிறுத்தம் ஆகியவையே நினைவுக்கு வருவது வழக்கம். தாஸ்குப்தாவின் பார்வை அதைவிட விரிந்தது. ஊதியம் என்பது இன்றைய கூலி. ஓய்வூதியம் என்பது நாளைக்கு ஒத்திவைக்கப்பட்ட கூலி. நிதி நிறுவனங்களின் நேர்மை என்பது அவ்விரண்டுக்கும் காவல். இம்மூன்றையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்தால்தான் தொழிலாளிக்கு விடிவு என்பதே அவரது பொதுவாழ்வின் சாரம் எனலாம். ஓய்வூதியம் முதலாளியின் கருணையால் கிடைக்கும் கொடை அல்ல, முன்பே செய்த பணிக்கான உரிமை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியிருக்கிறது.

நிதி நேர்மை பற்றிய அவரது கவலை ஏட்டறிவால் வந்ததன்று. 1992-இல் ஹர்ஷத் மேத்தாவின் பெயரோடு வெடித்த பங்குப் பத்திர ஊழலை விசாரித்த கூட்டு நாடாளுமன்றக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். வங்கிகள் தமக்குள் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும்போது, பத்திரத்துக்குப் பதிலாக ரசீதுகள் மட்டும் கைமாறின. அவற்றுள் பல, பின்னால் பத்திரமே இல்லாத வெற்று ரசீதுகள். சாதாரண மக்களின் சேமிப்பு இப்படித் தரகர்கள் வழியாகப் பங்குச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 4,000 கோடி ரூபாய்க்குக் கணக்கில்லை என்று ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கண்டறிந்தது. அந்த விசாரணையின் அனுபவத்தைத் தாஸ்குப்தா நூலாகவே எழுதினார். தொழிலாளியின் சேமிப்பைச் சந்தையின் கையில் ஒப்படைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோதெல்லாம் அவர் எதிர்த்து நின்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த யோசனை 2004 ஜனவரி முதல் தேதி செயலுக்கு வந்தது. அன்றிலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை. பங்களிப்பின் அடிப்படையிலான புதிய திட்டம் மட்டுமே என்றாயிற்று. கட்டும் தொகை எவ்வளவு என்பது உறுதி. முதுமையில் எவ்வளவு வரும் என்பது சந்தையின் போக்கைப் பொறுத்தது. இதைச் சட்டமாக்கும் மசோதா 2005-இல் கொண்டுவரப்பட்டபோது, வெளியிலிருந்து அரசை ஆதரித்த இடதுசாரிக் கட்சிகளின் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. இடதுசாரிகளின் தயவு தேவைப்படாத அடுத்த ஆட்சியில், முக்கிய எதிர்க்கட்சியான பாரதிய ஜனதாவின் ஆதரவுடன் 2013 செப்டம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட இரு பெரிய கட்சிகளும் இந்த ஒன்றில் ஒத்துப்போனதை இடதுசாரி உறுப்பினர்கள் அன்று கடுமையாகச் சாடினர்.

காலம் அவர்கள் வாதத்துக்கு ஓரளவு வலுச் சேர்த்திருக்கிறது. அரசு ஊழியர்களின் அதிருப்தி தேர்தல் களத்தில் எதிரொலிக்கத் தொடங்கியதும், ராஜஸ்தான், சத்தீஸ்கர், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. டி.வி. சோமநாதன் குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு, கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி. பத்து ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி. சந்தையை மட்டும் நம்பி முதியவரை விட்டுவிட முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள்.

அப்படியானால் ஆலைத் தொழிலாளிக்கும் கடை ஊழியருக்கும் இந்த நியாயம் ஏன் பொருந்தாது? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சுமார் 78 லட்சம் பேர் ஓய்வூதியம் பெறுவதாக 2024-இல் மத்திய அரசே தெரிவித்தது. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இந்த நிதிக்குப் போகிறது. அரசின் பங்கு வெறும் 1.16 சதவீதம். அதுவும் 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்புக்கு உட்பட்டது. ஓய்வூதியச் சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே கணக்கு. 15,000 ரூபாய்ச் சம்பளக் கணக்கில் 35 ஆண்டுகள் உழைத்தவருக்கே 7,500 ரூபாய்தான். ஒப்பந்த வேலையில் இங்கும் அங்கும் அலைந்து 10,000 ரூபாய்ச் சம்பளத்தில் 15 ஆண்டுகள் மட்டுமே கணக்கில் ஏறியவருக்கு 2,142 ரூபாய். அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. விலைவாசி ஏற ஏற, அவர் பெறும் ஓய்வூதியத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகிறது.

இதை உயர்த்தக் கோரி உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போதெல்லாம், நிதியில் பற்றாக்குறை இருப்பதாக மதிப்பீடு கூறுகிறது என்ற பதிலே வருகிறது. ஆனால் நாடாளுமன்றமே வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 3,000 ரூபாயாக உயர்த்தவும் அரசின் பங்கை 8.33 சதவீதமாக்கவும் 2013-இலேயே பரிந்துரைத்தது. கோஷியாரி பாரதிய ஜனதாவைச் சேர்ந்தவர். ஆக, இது இடதுசாரிகளின் கோரிக்கை மட்டுமல்ல.

ஊதியத்தின் நிலையும் இதற்கு மாறானதன்று. குறைந்தபட்சக் கூலியை எப்படி நிர்ணயிப்பது என்று 1957-இல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு வரையறுத்தது. ஒருவருக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் என்று கணக்கிட்டது. கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் கூறியது. இத்தனைக்கும் பிறகு 2017-இல் மத்திய அரசு அறிவித்த தேசிய அடிமட்ட ஊதியம் நாளொன்றுக்கு 176 ரூபாய். அரசே அமைத்த அனூப் சத்பதி குழு 2019-இல் 375 ரூபாய் என்று பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூலையில் அரசு அறிவித்த உயர்வோ இரண்டே ரூபாய். மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம், அனைவருக்கும் ஓய்வூதியம் என்ற கோரிக்கைகளை முன்வைத்து 2012 பிப்ரவரியிலும் 2013 பிப்ரவரியிலும் நாடு தழுவிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. காங்கிரஸ் சார்புடைய ஐஎன்டியுசியையும், சங்கப் பரிவாரத்தைச் சேர்ந்த பிஎம்எஸ்ஸையும் இடதுசாரிச் சங்கங்களோடு ஒரே மேடையில் நிறுத்தியதில் தாஸ்குப்தாவின் பங்கு கணிசமானது.

பணம் இல்லை என்ற வாதத்தை அவர் ஏற்றதில்லை. இன்றைய கணக்குகளைப் பார்த்தாலும் அந்த ஐயம் எழத்தான் செய்கிறது. 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடன்களைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2023 ஆகஸ்டில் அரசு மக்களவையில் தெரிவித்தது. நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் முயற்சி தொடரும் என்பது அரசின் விளக்கம். ஆனால் அவ்வாறு நீக்கப்பட்டவற்றில் வசூலானது சுமார் 2 லட்சம் கோடி மட்டுமே என்பதும் அதே பதிலில் உண்டு. 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று நிதியமைச்சகமே மதிப்பிட்டது. நிறுவனங்களின் சுமையைக் குறைக்கத் தாராளம் காட்டும் கஜானா, முதியவர்களின் முன்னால் மட்டும் முடிச்சை இறுக்குவது ஏன்?

சேமிப்பின் பாதுகாப்பிலும் அலட்சியம் தொடர்கிறது. வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி 2015 ஆகஸ்டிலிருந்து, தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் எதிர்ப்பையும் மீறி, பங்குச் சந்தைக்குப் போகிறது. பங்கு முதலீடு எல்லாமே தீது என்பதல்ல. நல்ல ஆண்டுகளில் அது லாபமும் தந்திருக்கிறது. நட்டம் வந்தால் யார் தாங்குவது என்பதற்கு விடை இல்லாததே குறை. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் வைப்பு நிதி, தனியார் வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல்லில் முதலீடு செய்யப்பட்டு, அந்நிறுவனம் நொடித்தபோது 2,200 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கிக்கொண்டது 2019-இல் அம்பலமானது. எங்கே முதலீடு செய்வது என்ற முடிவில் பணத்துக்கு உரிய ஊழியருக்குப் பங்கில்லை. நட்டத்தின் கவலை மட்டும் அவருக்கு வந்து சேர்ந்தது.

மறுபக்க வாதத்தையும் புறக்கணிப்பதற்கில்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குத் திரும்புவது மாநிலங்களின் நிதிநிலையைப் பிற்காலத்தில் முடக்கிவிடும் என்று ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையில் உண்மை உண்டு. தொழிற்சங்கங்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாட்டின் உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையினர். அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு எழும் முழக்கம், கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அதே உரத்தோடு எழுந்ததுண்டா? இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைக் கடந்தவருக்கு 500 ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக மாறாத இந்தத் தொகைக்காக இதுவரை எத்தனை வேலைநிறுத்தங்கள் நடந்தன? நிதி வளம் குறைவு என்பது உண்மையானால், முதல் ரூபாய் போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான்; ஆயிரம் ரூபாய் ஓய்வூதியக்காரர் அதற்கு அடுத்தவர். அரசு ஊழியர் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதே முறை.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. தேசிய அடிமட்ட ஊதியத்துக்கு இதன்மூலம் சட்ட வலிமை கிடைத்திருப்பது வரவேற்கத்தக்கதே. அந்த ஊதியம் 1957-ஆம் ஆண்டின் அளவுகோலின்படி நிர்ணயிக்கப்படுமா, முன்போல் இரண்டு ரூபாய் உயர்வாக முடியுமா என்பதில்தான் சட்டத்தின் மதிப்பு இருக்கிறது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசும் இந்தியத் தொழிலாளர் மாநாடு, 2015 ஜூலையில் கூடியதற்குப் பிறகு பத்தாண்டுகள் கூட்டப்படவே இல்லை. அதைக் கூட்டுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். கோஷியாரி குழுவின் பரிந்துரையை இன்றைய விலைவாசிக்கு ஏற்பத் திருத்தி, ஓய்வூதியத்தை விலைக் குறியீட்டோடு இணைக்க வேண்டும். தொழிலாளர் நிதி எங்கெங்கே முதலீடு செய்யப்பட்டது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும்.

விலைவாசியோடு ஓய்வூதியத்தை இணைப்பது நிர்வாக ரீதியாக இயலாத காரியம் என்று எந்த அமைச்சரும் இனிச் சொல்ல முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அது 2018 முதலே சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்தியவர்கள், கட்சி வேறுபாடு பாராமல், 78 லட்சம் முதியவர்களுக்காகவும் ஒருமுறை கையுயர்த்த வேண்டும்.