குழம்பு எத்தனை மணிக்கு வச்சது?

சாப்பாட்டுல விஷம்னு நியூஸ் வந்தாலே நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி, "உள்ள என்ன கிடந்துச்சு?" பல்லியா, அழுகின காயா, கெட்டுப்போன கறியா? எனக்குக் கேக்கத் தோணுறது வேற. எத்தனை மணிக்கு சமைச்சாங்க, எத்தனை மணிக்குப் பரிமாறினாங்க? பல கேஸ்ல வில்லன் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உட்கார்ந்திருக்கான்.

2021 டிசம்பர் ஞாபகம் இருக்குங்களா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி பக்கத்து ஹாஸ்டல் ஒண்ணுல சாப்பிட்டு 250 பேருக்கு மேல வாந்தி பேதியில விழுந்தாங்க. 159 பேர் ஆஸ்பத்திரியில. 17-ம் தேதி ராத்திரி ஆரம்பிச்ச மறியல் மறுநாளும் தொடர்ந்து, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை மணிக்கணக்கா நின்னுச்சு. உணவுப் பாதுகாப்புத் துறை அந்த சமையலறையைப் போய்ப் பார்த்தப்போ எலி, சரியில்லாத சாக்கடை. இழுத்து மூடினாங்க. தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டு, ஆலையைக் கண்காணிப்புல வச்சது. 2022 ஜனவரி 12-ல தான் ஆலை திரும்பத் திறந்துச்சு.

எலியும் சாக்கடையும் கண்ணுக்குத் தெரியும், ஃபோட்டோ எடுக்கலாம். பாக்டீரியா அப்படியா?

நூறு லிட்டர் அண்டாவுல குருமா கொதிக்குது. கொதியில எல்லா கிருமியும் செத்துடும்னுதான் நாம நினைக்கிறோம். ஆனா கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு ஒருத்தர் இருக்கார். அவரோட ஸ்போர் (விதை மாதிரி வச்சுக்குங்க) கொதியைத் தாங்கிக்கும். அடுப்பை அணைச்சு மூடி வச்சா, பெரிய பாத்திரம் இல்லையா, நடுப்பகுதி ஆற மணிக்கணக்கு ஆகும். 45 டிகிரி பக்கம் வந்ததும் ஸ்போர் முளைச்சு, சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரெட்டிப்பாகும். ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு 4096. நாலு மணி நேரத்துல ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம். சாதத்துல இதே வேலையைப் பண்றது பேசில்லஸ் சீரியஸ். (பேரே சீரியஸ்!)

"திரும்ப சூடு பண்ணிட்டா போச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கெட்ட செய்தி. சமைக்கிறவர் கைப்புண்ணுல இருந்து வர்ற ஸ்டெஃபிலோகாக்கஸ், சாப்பாட்டுலயே நச்சைக் கக்கி வச்சுடும். சூடு பண்ணினா கிருமி சாகும், நச்சு சாகாது. சீரியஸ் உண்டாக்குற வாந்தி நச்சு பிரஷர் குக்கர் சூட்டையே தாங்கும்.

"எங்க ஆயா காலத்துல பழைய சோறு சாப்பிட்டு யாரும் சாகலையே"ன்னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும் :-) பழைய சோறு தண்ணி ஊத்தி வைக்கிறது. ராத்திரியில நல்ல பாக்டீரியா அதைப் புளிக்க வச்சு, அந்தப் புளிப்புல கெட்டது அவ்வளவு லேசா வளராது. மூடி வச்ச அண்டா சாதத்துக்கு அந்தக் காவல் கிடையாது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.

இப்ப ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் ரோட்டுல போற கம்பெனி பஸ்களை நினைச்சுப் பாருங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்குற பொண்ணுக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு சமைச்சது. நடுவுல அஞ்சு மணி நேரம். சூடாவே, அதாவது 60 டிகிரிக்கு மேல வச்சிருந்தா பிரச்சினை இல்ல. அதுக்கு கேஸ் செலவாகும், கவனிக்க ஆள் வேணும். ஆளைக் குறைச்சுக் காசு மிச்சம் பிடிக்கிறவர் காண்ட்ராக்டர். அதுக்கு விலை கொடுக்குறது அந்தப் பொண்ணோட வயிறு. அவளுக்கு வேற மெஸ்ஸுக்குப் போற வசதி கிடையாது. அதனாலதான் இதை "சுத்தமில்லாத சமையல்காரர்" பிரச்சினைன்னு என்னால முடிச்சுக்க முடியல. இது வேலை நேரத்தை வகுத்தவங்களோட பிரச்சினை. அசெம்பிளி லைன்ல ஒரு ஸ்க்ரூவை எத்தனை மணிக்கு யார் முடுக்கினாங்கன்னு பதிவு வைக்கத் தெரிஞ்ச தொழில் இது. குழம்புக்கு மட்டும் அந்தக் கணக்கு ஏன் ஆகாது?

கேட் பிரச்சினை வேற. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல வேலை பார்க்கிற ஆலைக்கு கேன்டீன் பத்திப் பேசிச்சு. அது கேட்டுக்கு உள்ள. 2021-ல நோய் வந்தது கேட்டுக்கு வெளிய, காண்ட்ராக்டர் நடத்தின ஹாஸ்டல்ல. அதுக்கப்புறம் வல்லம் வடகால்ல 706 கோடி ரூபாய்க்கு 18,720 பெண்கள் தங்குற குடியிருப்பு கட்டி, 2024 ஆகஸ்ட் 17-ல திறந்தாங்க. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுறேன். ஆனா அத்தனை பேர் ஒரே இடத்துல சாப்பிட்டா, ஒரு அண்டா தப்பானா பாதிப்பும் அத்தனை பெருசு. கட்டடம் புதுசுங்கறதுக்காக பாக்டீரியா மரியாதை கொடுக்காது.

நான் கேக்குறது மூணே மூணு.

ஒண்ணு, ஒவ்வொரு அண்டா மேலயும் சமைச்ச நேரம், பரிமாறும்போது எத்தனை டிகிரி, சாப்பிடுறவங்க கண்ணுல படுற மாதிரி எழுதி ஒட்டணும். ஆபீஸ் ஃபைல்ல இல்ல.

ரெண்டு, சமையல்காரருக்குக் கைப்புண்ணோ பேதியோ இருந்தா சம்பளத்தோட லீவு. சம்பளம் போகும்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

மூணு, யார் எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு ரூம்மேட்டுக்கு உடனே சொல்லணும். 2021-ல பாதிப் பதட்டம் "சில பேர் செத்துட்டாங்க"ங்கற வதந்தியாலதான். நெடுஞ்சாலையில உட்கார்ந்த பெண்கள் கேட்டது, "எங்க கூட இருந்தவ எங்க?"ங்கறதுதான். அதுக்கு நேரத்துல பதில் கிடைச்சிருந்தா வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

ஒரு தெர்மாமீட்டர், ஒரு மார்க்கர் பேனா, ஒரு ஃபோன் கால். ஐபோன் செய்யத் தெரிஞ்ச ஊருக்கு இது பெரிய டெக்னாலஜியா என்ன?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க, பொட்டி தட்டுறவன். வாந்தி பேதின்னா ஓஆர்எஸ் குடிங்க. அது இல்லைன்னா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதியில ரத்தம், கடுமையான ஜுரம், ஒண்ணுக்கே போகாம இருக்கிறது - இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஷிஃப்ட் முடியட்டும்னு காத்திருக்க வேணாம்.