ஊர் சுற்றியது குற்றமா? தொழத் தெரியாமல் அனுப்பியது குற்றமா?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்தபின், நம் மத்ரஸாவில் ஓதிய முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை நம்மைத் தேடி வந்தார். முகம் வாடியிருந்தது. பொறியியல் படிக்கும் அவருடைய மகன் மூன்று மாதப் பயிற்சிக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறான். வார இறுதி விடுமுறையில் உடன் பயிலும் மூன்று நண்பர்களோடு ரயிலேறி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குச் சென்று வந்திருக்கிறான். வெள்ளி இரவு புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்பிவிட்டான். அங்கே புனித ஸ்தேவான் பேராலயத்தின் முன் நால்வரும் நின்று எடுத்த படம் ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அவ்வளவுதான். "மாதா கோவில் வாசலில் நம் பிள்ளைக்கு என்ன வேலை?" என்றார் ஒருவர். "படிக்கப் போனவன் ஊர் சுற்றுகிறான்" என்றார் மற்றொருவர். இன்னொருவர், வீண் விரயம் செய்வோரைக் கண்டிக்கும் பயான் ஒன்றை அனுப்பி வைத்தார். பிள்ளையின் பாட்டியார் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. "நீங்கள் கண்டித்தால் கேட்பான், ஹஜ்ரத்" என்று தந்தை நம்மிடம் தொலைபேசியை நீட்டினார்.

கண்டிக்கும் எண்ணத்தோடுதான் நாமும் பேசத் தொடங்கினோம். முதலில் ஒன்றே ஒன்று கேட்டோம்: "தொழுகை என்னவாயிற்று?" சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சொன்னான்: சுப்ஹும் மஃரிபும் இஷாவும் தங்கும் விடுதியில் தொழுதுவிட்டான், சனிக்கிழமை ளுஹரும் அஸரும், ஞாயிற்றுக்கிழமை ளுஹரும் விடுபட்டுவிட்டன. நான்கு ரக்அத் ஃபர்ளும் முன்பின் சுன்னத்துகளும் நிறைவேற்ற இடமும் நேரமும் அமையவில்லையாம். "கஸ்ர் தெரியாதா?" என்று கேட்டோம். அவன் திருப்பிக் கேட்ட கேள்வி இன்றுவரை நம்மை உறங்கவிடவில்லை. "வேலைக்காகப் போனால்தானே ஹஜ்ரத் முஸாஃபிர்? நான் ஊர் சுற்றத்தானே போனேன். எனக்கும் கஸ்ர் உண்டா?"

அன்புச் சகோதரர்களே! அந்தக் கேள்வியை அவன் நெஞ்சில் விதைத்தவர்கள் யார்? நாம்தாம். ஊர் காணச் செல்வது பாவம் என்று வீட்டில் சொல்லி வளர்த்தோம். பாவத்துக்குச் சென்றவனுக்கு மார்க்கத்தில் சலுகை ஏது என்று அவனாக முடிவு செய்துகொண்டான். குழுவில் கூடி அவனை ஏசியவர்களில் ஒருவர்கூட அவன் தொழுதானா என்று கேட்கவில்லை. எதற்கு ஆத்திரப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எதற்குத் தேவையில்லையோ அதற்கு ஆத்திரப்பட்டோம்.

முதலில் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நம் ஹனஃபி மத்ஹபின்படி, ஏறத்தாழ 48 மைல் தொலைவைக் கடக்கும் நோக்கத்துடன் தான் தங்கியிருக்கும் ஊரின் எல்லையைத் தாண்டிவிட்டவர் முஸாஃபிர் ஆவார். சென்ற இடத்தில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணம் இருந்தால், திரும்பும்வரை முஸாஃபிராகவே இருப்பார். மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். தொலைவைப் பற்றிய ஐயமே இல்லை. ஆகவே ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றின் நான்கு ரக்அத் ஃபர்ளுகள் அவனுக்கு இரண்டிரண்டே. சுருக்கித் தொழுவது நம் மத்ஹபில் வாஜிபும் ஆகும். மஃரிபும் சுப்ஹும் வித்ரும் மாறா. ஊர்வாசியான இமாமைப் பின்பற்றினால் மட்டும் நான்கையும் நிறைவாகத் தொழ வேண்டும். பயணத்தில் விடுபட்ட தொழுகையை வீடு திரும்பிக் களா செய்தாலும் அது இரண்டு ரக்அத்தே.

பயணத்தின் நோக்கத்தைப் பொறுத்தவரை, அனுமதிக்கப்பட்ட பயணம் எதுவாயினும் சலுகை உண்டு. பாவச் செயலை நாடிப் புறப்பட்டவனுக்குச் சலுகை இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நம் ஹனஃபி இமாம்களோ அத்தகையவனுக்கும் கஸ்ரை மறுக்கவில்லை. பாவத்துக்கு அவர்கள் இசைவு தந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பாவம் வேறு, தொழுகைக் கடமை வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். பாவிக்கும் தொழுகையின் வாசலை அடைக்காத சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நகரத்தைப் பார்க்கச் சென்ற பிள்ளைக்கு அந்த வாசலை நாம் அடைத்திருக்கிறோம்.

இனி, அவன்மீது சுமத்தப்பட்ட குற்றங்களைப் பார்ப்போம்.

பேராலயத்தின் முன் நின்றானாம். ஜெரூசலம் நகரின் பொறுப்பை ஏற்கச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்குள்ள தேவாலயத்தைப் பார்வையிட்டதையும், பிற்கால முஸ்லிம்கள் அதற்கு உரிமை கோரிவிடக் கூடாதே என்று அதற்குள் தொழாமல் வெளியே வந்து தொழுததையும் நம் மேடைகளில் பெருமையுடன் சொல்கிறோம். பிள்ளை வாசலில் நின்றதற்கு மட்டும் பதறுகிறோம். அந்த வாசலில் அவன் கற்க வேண்டிய பாடமும் ஒன்று இருந்தது. 1683இல் உஸ்மானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அது விட்டுச் சென்ற பீரங்கிகளை உருக்கித்தான் 1711இல் அந்த ஆலயத்தின் பெரிய மணி வார்க்கப்பட்டது. பூமியில் பயணித்து முன்னிருந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு இறைமறை மீண்டும் மீண்டும் ஏவுகிறதே, அந்தப் படிப்பினை இத்தகைய இடங்களில்தான் கிடைக்கிறது. ஆனால் அதை அவனுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை.

அந்நிய ஊரில் நமக்கென்ன இருக்கிறது என்று கேட்டார்கள். போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட ஆஸ்திரியப் பேரரசு, 1912இலேயே இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. அச்சட்டத்தில் பெயர் குறித்து எழுதப்பட்டது ஹனஃபி வழிமுறை. நம் பிள்ளை பின்பற்றும் மத்ஹபின் பெயர் நூறாண்டுக்கு முன்பே அந்நாட்டுச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. அவனுக்கோ தன் மத்ஹபின் கஸ்ர் சட்டம் தெரியவில்லை! டான்யூப் நதியருகே 1979இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய மையப் பள்ளிவாசல் 32 மீட்டர் மினாராவுடன் நிற்கிறது. நகர ரயிலிலேயே போய்ச் சேரலாம். விடுபட்ட மூன்று தொழுகைகளும் அங்கே ஜமாஅத்துடன் நிறைவேறியிருக்கக் கூடும்.

இன்னொன்றும் சொல்வோம். ஹிஜ்ரி 22ஆம் ஆண்டில், உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், எகிப்தில் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள் ஒன்று வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு குறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆவணங்களுள் அதுவும் ஒன்று. அது போர்ப் பிரகடனமன்று. படையினரின் உணவுக்காக அவ்வூராரிடமிருந்து 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதற்கு முஸ்லிம் தளபதி எழுதிக் கொடுத்த ரசீது. அரபியிலும், அவ்வூர் அலுவலர்கள் அறிந்த கிரேக்கத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. வென்றவன், வெல்லப்பட்டவனுக்கு ஆட்டுக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான்! அமானிதம் பற்றி நாம் நிகழ்த்தும் நூறு பயான்களைவிட அந்த ஒரு தாள் ஓர் இளைஞனின் உள்ளத்தில் ஆழமாகப் பதியும்.

அடுத்து, வீண் செலவு என்றார்கள். பயிற்சிக்காகக் கிடைத்த உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, எண்மர் படுக்கும் விடுதி அறையில் தங்கி வந்தவனைப் பார்த்து இதைச் சொன்னவர்கள் யாரென்று எண்ணிப் பாருங்கள். சீசன் தோறும் குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு செல்கிறோம். துபாய் சென்று பெட்டி நிறையப் பொருள் வாங்கி வருகிறோம். உம்ராவோடு இஸ்தான்புல்லையும் சேர்த்துக்கொண்டு, படங்களை அதே குழுவில் பகிர்கிறோம். அப்போதெல்லாம் அந்தப் பயான் நினைவுக்கு வருவதில்லை. இப்னு பதூதா 1325இல் டாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. வழி நெடுக ஊர்களைக் கண்டு நம் மதுரை வரைக்கும் வந்து சேர்ந்தார். அவருடைய நூலைப் போற்றும் நாம், அதே வயதுப் பிள்ளையின் இரண்டு நாள் பயணத்தைத் தூற்றுகிறோம்.

இவ்வளவு சொல்வதால் மாணவர்களை முற்றிலும் விடுவித்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். அவர்களிடமும் கண்டிப்பாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. விடுமுறை அலுவலகத்துக்குத்தான், மார்க்கத்துக்கன்று. நண்பர்களோடு உணவகத்தில் அமரும்போது மதுவும் அதே மேசைக்கு வந்தால், அந்த மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். செலவை நால்வரும் சமமாகப் பங்கிடும் செயலியில், நண்பர் அருந்திய மதுவுக்கான காசும் உங்கள் பங்கில் ஏறிவிடும். "என் கணக்கைத் தனியாகப் போடுங்கள்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். ஆட்டுக்கு ரசீது எழுதிய சமுதாயத்தின் பிள்ளைகள் நீங்கள். வட்டி ஏறும் கடன் அட்டையை நம்பிச் சுற்றுலா செல்லாதீர்கள். கோடைக்காலத்தில் அந்நாடுகளில் மஃரிபே இரவு ஒன்பது மணியளவில்தான் வரும். சுப்ஹோ மிக விரைவில் வந்துவிடும். நேரத்தைப் பார்த்துத் திட்டமிட்ட பின்னரே பயணச்சீட்டு வாங்குங்கள். மாணவியரின் பயணத்துக்கு மஹ்ரம் தொடர்பான தனிச் சட்டங்கள் உள்ளன. அதைத் தனியே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

ஆயினும் முதல் குற்றவாளிகள் மாணவர்கள் அல்லர். பயணத் தொழுகைப் பாடத்தைப் பத்து வயதில் மனப்பாடமாக ஒப்பிக்க வைத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். ஒட்டகமும் பாலைவனமும் வரும் உதாரணங்களையே சொன்னோம். ரயில் பெட்டியில் கிப்லாவை எவ்வாறு அறிவது, விமான நிலையத்தில் எங்கே உளூச் செய்வது, விடுதி அறையில் பிறர் உறக்கம் கலையாமல் சுப்ஹுக்கு எழுவது எப்படி என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. கடவுச்சீட்டும் விசாவும் சரிபார்த்த பெற்றோர், "முஸாஃபிர் சட்டம் தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று தொழுகைகள் தப்பியிருக்கும்.

ஆகவே நம் மத்ரஸாவில் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன் இரண்டு மணி நேரம் பயணச் சட்டங்களைக் கற்பித்தே அனுப்புவோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் இதைச் செய்யட்டும். குடும்பத்தாரும் அடுத்த முறை படம் வந்தால் முதலில் "தொழுதாயா மகனே?" என்று கேளுங்கள், பிறகு "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். ஏசினால் அடுத்த பயணத்தை நிறுத்த மாட்டான். நம்மிடம் சொல்வதை மட்டுமே நிறுத்துவான்.

அந்தப் பிள்ளை மூன்று தொழுகைகளையும் அன்றிரவே இரண்டிரண்டு ரக்அத்தாகக் களா செய்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான். தந்தையிடம் அதைக் காட்டினோம். வீட்டுக்குப் போய் முதலில் தாயாரைச் சாப்பிட வைப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

பயணத்திலிருக்கும் நம் பிள்ளைகள் அனைவரின் ஈமானையும் உடலையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. முஸாஃபிரின் துஆ ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். எங்கிருந்தாலும் நமக்காகவும் அவர்கள் துஆச் செய்யட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.