பத்திரம் கையில்; உரிமை யாரிடம்?

புதுதில்லி: திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியை ஒட்டிய ஆரியசாலையில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் தமிழர்களுக்கு, தமிழகத்தின் "பத்திரம்" அங்கே "ஆதாரம்" என்பதும், "பட்டா மாற்றம்" அங்கே "போக்குவரவு" என்பதும் புதிய செய்தியல்ல. பெயர்கள் வேறானாலும் குறை ஒன்றே. சார்-பதிவாளர் பதிவு செய்வது ஆவணத்தைத்தான். விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, ரூ.100-ம் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு பெற்ற கிரயப் பத்திரம் தேவை. பொது அதிகாரப் பத்திரம் மட்டுமே எழுதிக் கொடுத்து நடத்தும் "விற்பனை" உரிமையை மாற்றாது என 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரிசுகள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் பழைய கடைக் கட்டடங்களை வாங்குவோர் மறக்கக் கூடாத தீர்ப்பு இது.

பதிவுக்குப் பின் கிராம அலுவலகத்தில் போக்குவரவு நடந்து, நிலவரி புதிய பெயருக்கு மாறும். அத்துடன் உரிமை உறுதியாகிவிட்டது என்று பலர் நம்புகின்றனர். ஆனால், போக்குவரவு வரி வசூலுக்கான ஏற்பாடு மட்டுமே. சட்டப்படியான உரிமையை அது பாதிக்காது என 1966-ஆம் ஆண்டின் கேரள விதிகளே கூறுகின்றன.

சிக்கலின் வேர் அரசியல் சட்டத்தில் உள்ளது. பத்திரப் பதிவு பொதுப் பட்டியலில் இருக்கிறது. நிலப் பதிவேடுகளோ மாநிலப் பட்டியலில். இரண்டையும் இணைக்க மாநிலங்கள் விதிகளின் வழியே முயன்றபோது நீதிமன்றம் தடுத்தது. மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்க வகை செய்த தமிழக விதி 55ஏ(1) 2025 ஏப்ரலில் ரத்தானது. விற்பவர் பெயரில் நிலப் பதிவேடு மாறியிருக்க வேண்டும் என்ற பிகார் விதியும் அதே ஆண்டு நவம்பரில் ரத்தானது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தராத அதிகாரத்தை விதி தர முடியாது என்ற வாதம் சட்டப்படி சரியே. மோசடியைத் தடுக்கும் பொறுப்பு மீண்டும் வாங்குபவர் தலையில் விழுந்தது என்பதும் உண்மை.

1908-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக மத்திய நிலவளத் துறை 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு மசோதா, இணையவழிப் பதிவை விரிவாகப் பேசியது. உரிமைக்கு உத்தரவாதம் என்ற கட்டத்துக்கு அது செல்லவில்லை. இத்தனைக்கும் கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரூ.50 லட்சம் கடைக்கு ரூ.5 லட்சம் பெற்றுக்கொள்ளும் அரசு, உரிமையாளர் யார் என்று சொல்ல மறுக்கிறது!

ஆகவே ஆரியசாலையில் கடை வாங்குபவர் முன் ஆதாரங்களையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் கொண்டு செல்கிறார். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அந்தச் சான்றில் இடம்பெறுவதில்லை.